தோல் சுத்தமாக இருக்கிறது

என் படிப்பின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் அதை வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஆக்குபேஷனல் தெரபியா? அப்பம் நம்ம கிங்ஸ்டனுக்கும் ஒரு வேலையப் பாத்துக் குடேன்" என்று ஒரு மாமா கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். வேலை வாங்கித் தருகிற படிப்பில்லை இது. பக்கவாதம் வந்தவருக்கு ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடப் பழக்குவது, முதுகெலும்பு முறிந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழக்குவது, இப்படி அன்றாடம் மனிதனுக்குத் தேவைப்படுகிற சில்லறைக் காரியங்களை மறுபடி சொல்லிக்கொடுக்கிற வேலை. நாலு வருடம் படித்துவிட்டுக் கடைசி ஆறு மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னை மூன்று மாதம் ஓர் இணையக் குழுவில் போட்டார்கள்.

'துணைக்கை' என்று குழுவுக்குப் பெயர். தமிழ் தெரிந்த தெரபிஸ்டுகள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்து செல்வமணி சார் அதை நடத்தினார். ஊர் ஊராகத் தனியாக வேலை பார்க்கிறவர்கள், தங்களுக்குப் பிடிபடாத நோயாளியைப் பற்றிக் கேள்வி அனுப்புவார்கள். நான் பிழை திருத்தி, படங்களில் ஆள் அடையாளத்தை மறைத்து, குழுவில் ஏற்ற வேண்டும். அனுபவமுள்ள பெரியவர்கள் பதில் எழுதுவார்கள். படத்தைக் குழுவின் செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். எடுத்தவர் போனில் தங்காது. எங்களுக்கு வரும் அசலும் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். நோயாளியின் மானத்துக்கு அவ்வளவு காவல்.

இரண்டாம் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு நோயாளியின் முகத்தை மறைத்தேன், கையில் பச்சை குத்தியிருந்த பெண்டாட்டி பெயரை விட்டுவிட்டேன். அதே ஊர்க்காரர் ஒருவர் ஆளைக் கண்டுபிடித்து, அந்த வீட்டிலேயே போய்ச் சொல்லிவிட்டார்.

"மூஞ்சிய மறச்சா போதுமா? பச்சை, மச்சம், தழும்பு, ஒண்ணு தெரியக் கூடாது" என்றார் செல்வமணி சார். "இன்னொரு தடவ இப்படி வந்துச்சு, ஒன் சர்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் பாத்துக்க."

எனக்கு ரோஷம் அதிகம். இனி என் வேலையில் ஒருத்தர் ஒரு குறை கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பார்கள். பேப்பரில் வரும் திருடன் படம் மாதிரி இருக்கும். நான் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, அடையாளத்தின் மேல் நிரப்பக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒன்று இருந்தது என்பதே தெரியாது. செல்வமணி சாரே இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிதான்" என்றார். அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் சபீதா அக்காவின் கேள்வி வந்தது. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஓர் அறக்கட்டளையில் சேர்ந்து ஆத்தூர், காயல்பட்டினம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'வயது 34. பதினோரு மாதம் முன்பு சவூதியில் கட்டட வேலையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்ந்து முன்னால் வழுக்குகிறார். எந்த மாதிரி இருக்கை வைக்கலாம்? தயவுசெய்து மூன்று படங்களையும் பார்த்துச் சொல்லுங்கள்.'

முதல் இரண்டு படங்கள் நாற்காலியில் எடுத்தவை. மூன்றாவது, அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துப் பின்னால் இருந்து எடுத்தது. யாரோ ஒரு பெண்ணின் கை தோளைத் தாங்கியிருந்தது. சட்டையைத் தூக்கி, கட்டியிருந்த சாரத்தை இறக்கியிருந்தார்கள். வால் எலும்புக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, தீப்பெட்டி அகலத்துக்கு, நாவல்பழக் கறை போல ஒரு கருநீலம். தோல் எங்கேயும் கிழியவில்லை.

மச்சம் என்று நினைத்தேன். என் சித்திக்கு முதுகில் அதே போல் ஒன்று பிறந்ததிலிருந்து இருக்கிறது.

படுக்கைப் புண்ணைப் பற்றி மூன்றாம் வருடத்தில் எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு. நம் ஊர்க் கறுப்புத் தோலில் சிவப்புத் தெரியாது, நீலம் பாரித்துக் கிடக்கும், மேல்தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். ஆனால் அன்றைக்கு நான் நோயாளியைப் பார்க்கவில்லை. எனக்குச் சர்டிபிகேட் கிடைக்காமல் செய்யக்கூடிய அடையாளம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடியது கிடைத்தது. இருபது நிமிடம் உட்கார்ந்து அதை இல்லாமல் ஆக்கினேன். வேலை அவ்வளவு சுத்தமாக அமைந்துவிட்டதால், பயிற்சி அறிக்கையில் மாதிரிக்கு வைக்கலாம் என்று அசலையும் திருத்தியதையும் என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது விதிப்படி தப்பு. பெருமை விதியைப் பார்க்குமா?

நாற்பத்தொரு பதில் வந்தது. குழுவில் எல்லாரும் மதிக்கிற ஜாபேஸ் சார், முப்பது வருட அனுபவம் உள்ளவர், நீளமாக எழுதியிருந்தார். இடப்பக்கம் எவ்வளவு உயரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், கால் பலகையை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருக்கிறது. பயப்படாமல் உட்கார வையுங்கள். பையப் பைய நாலு மணி நேரம் வரை கூட்டலாம்.'

அந்தப் பதிலுக்கு நானும் ஓர் இதயம் போட்டேன்.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், சபீதா அக்கா அதே கேள்விக்குக் கீழே எழுதினார்: 'இந்த நோயாளி நேற்று இறந்துவிட்டார். வால் எலும்புப் பக்கம் புண் திறந்து எலும்பு வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது.'

அனுதாபம் நாலு வரி வந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் சுத்தமாக இருந்த தோல் இவ்வளவு சீக்கிரம் எலும்பு வரைக்கும் போகுமா? நீங்கள் வாராவாரம் பார்த்தீர்களா, இல்லை கையெழுத்து மட்டும் போட்டீர்களா? அவர், 'படம் எடுத்த அன்றே ஒரு கறுப்பு இருந்தது, அதைக் காட்டத்தான் மூன்றாவது படமே அனுப்பினேன்' என்று எழுதினார். உடனே ஒருத்தர் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் போட்டு, 'எங்கே இருக்கிறது? வட்டம் போட்டுக் காட்டுங்கள்' என்றார். செத்துப்போனவர் மேல் பழி போடாதீர்கள், எங்கள் மேலும் போடாதீர்கள் என்றார் இன்னொருவர்.

போனில் அசலைத் திறந்தேன். இப்போது அது மச்சமாகத் தெரியவில்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் சபீதா அக்கா கூப்பிட்டார். "கெசியா, என் கேள்விய நீதான ஏத்துன?"

"ஆமாக்கா."

"மூணாவது படத்துல இடுப்புக்குக் கீழ ஒரு கறுப்பு இருந்துச்சா, இல்லியா? நீயாவது சொல்லு. பதிலெல்லாம் நான் பஸ்ல வச்சுப் படிச்சேன். நான் எடுத்த படந்தானன்னு அதத் தெறந்தே பாக்கல. இப்பம் பாத்தா பிள்ளத் தோலு மாதிரி இருக்கு."

"கேள்வியில அத எழுதலயேக்கா நீங்க?"

"எப்படி எழுத? அம்புட்டுப் பெரியவங்க இருக்காங்க. ஒண்ணுமில்லாததப் போயி புண்ணுன்னு சொல்லுதியா, ஒனக்கு யாரு டிகிரி குடுத்தான்னு கேட்டுட்டா? இருந்தா அவங்களே பாத்துச் சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன். தோலு சுத்தமா இருக்குன்னு ஜாபேஸ் சார் எழுதுனதும் எனக்கு உசுரே வந்துச்சு. ஏங் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினார். "திங்கக்கெழம அறக்கட்டளையில விசாரண. வேலை போறது மட்டுமில்ல, இனிமே எங்கயும் தொட விட மாட்டாங்க என்னைய. நெசமாச் சொல்லு, ஏதாவது இருந்துச்சா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்க்கா" என்றேன். அசல் படம் அப்போது என் மடியில் கிடந்தது. அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் முழுக்க அவர் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் செல்வமணி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அசலு ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கா?"

"ஆமா சார்."

"இங்க பாரும்மா. நீ ஒண்ணும் களவாங்கல. மச்சத்த மறைன்னு சொன்னேன், மறச்ச. ஆனா நாம படத்த அழிச்சு எழுதுதோம்னு வெளிய தெரிஞ்சா ஒரு பய இனி நம்மள நம்ப மாட்டான். ஒம்பது வருசமா கட்டுன குழு. அந்தப் பிள்ளைக்கு வேற வேல கெடைக்கும். யாரு கேட்டாலும், வந்த படத்த வந்தபடியே போட்டோம்னு சொல்லு. நானும் அதத்தான் சொல்லுவேன்." மேசை இழுப்பறையைத் திறந்து என் சர்டிபிகேட்டை எடுத்து வெளியே வைத்தார். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்க."

அது ஏற்கெனவே அச்சாகி, என் பெயர் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. தொட்டிருந்தால் அவர் சொன்னதற்குச் சம்மதித்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

படத்தைத் திங்கட்கிழமை விசாரணையில் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அது அந்த மனிதரின் உடம்பு. ஒரு தடவை யாரையும் கேட்காமல் அதில் கை வைத்தாகிவிட்டது. இந்தத் தடவையாவது கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கேள்வியோடு வந்திருந்த சம்மதக் கடிதத்தில் அவர் பெயர் ஹசன் அலி என்றும், கையெழுத்திட்ட மனைவி மர்வா என்றும், காயல்பட்டின முகவரியும் இருந்தன. சனிக்கிழமை காலை திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன். வழியெல்லாம் வாழையும் வயலும் ஓடின. சொல்ல வேண்டிய வார்த்தைகளை நாலைந்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மர்வா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாளுக்கு வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பெண்கள் போகிற முடுக்குச் சந்து வழியாக என்னை அவருடைய உம்மா கூட்டிப் போனார். உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார் மர்வா. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலி மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தது.

"சபீதா அனுப்புனாளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்." ரயிலில் தயார் செய்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. போனை நீட்டி, இரண்டு படத்தையும் காட்டி, நான் செய்ததைச் சொன்னேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் அழுகிற உரிமை எனக்கில்லை.

மர்வா அசலை ரொம்ப நேரம் பார்த்தார். "இது எனக்குத் தெரியுமே. தெனமும் தொடச்சி விட்டது நான்தான். இது என்னமோ மாதிரி இருக்குன்னு சபீதாகிட்ட காட்டுனதும் நான்தான். பெரியவங்கள்ளாம் பாத்துட்டாங்க, தோலு சுத்தமா இருக்காம், நாலு மணி நேரம் ஒக்காரலாமாம்னு அவ வந்து சொன்னா. அன்னைக்கு எங்க வீட்டுக்காரங்க சிரிச்சாங்கம்மா. பதினோரு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாங்க. அந்த ஜன்னல் கிட்டப் போடச் சொல்லுவாங்க. போதும், படுங்கன்னா கேக்க மாட்டாங்க. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் ஒக்காந்து தெருவப் பாத்துட்டே இருப்பாங்க."

அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

"அக்கா, திங்கக்கெழம விசாரணையில இந்தப் படத்தக் காட்டுனா சபீதாக்கா மேல தப்பில்லன்னு ஆயிரும். நீங்க சம்மதிக்கணும்."

"யாரு யாரு பாப்பாங்க?"

"ஆறேழு பேரு."

"ஆம்பளங்களா?"

"நாலு பேரு இருப்பாங்க."

அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "இந்தப் படம் எடுக்க அவங்க ஒத்துக்கிடல. ரெண்டு நாளு சாப்பிடாம கெடந்தாங்க. நான் தொடைக்கும்போதுகூட வெளக்க அணைன்னு சொல்லுவாங்க. நான்தான் கெஞ்சுனேன். ஒரு மனுசருக்கும் ஒங்களத் தெரியாது, மருந்துக்காக மட்டுந்தான் பாப்பாங்கன்னு ஒண்ணுக்குப் பத்து தடவ சத்தியம் பண்ணிக் குடுத்தேன். ஹயாத்தோட, உசுரோட இருக்கும்போது மருந்துக்காகக் காட்டுனோம். கபுருக்குப் போனவங்கள இப்பம் எதுக்குக் காட்டணும்?"

"சபீதாக்காவுக்கு வேற வழியில்லக்கா."

"அவ நல்ல பிள்ள. அவ மேல ஒரு கொறையும் இல்லன்னு நான் எழுதித் தாரேன். படம் வேண்டாம். என் முன்னாலயே அழிச்சிருங்க."

அவர் எழுதித் தருகிற காகிதத்துக்கு விசாரணை மேசையில் என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே நான் திருத்திய படம் பளிச்சென்று இருக்கிறது. ஜாபேஸ் சார் எழுதியது இருக்கிறது. செல்வமணி சார் வந்து சொல்லப்போவது இருக்கிறது. நான் இன்னும் ஒரு தடவை கெஞ்சியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதியை எங்கேயாவது அனுப்பிவிட்டு அழித்த மாதிரி நடித்திருக்கலாம்; அதுவும் மனசில் வந்தது. ஆனால் அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படத்தையும் அழித்தேன். குப்பையில் போனதையும் திறந்து அழித்துக் காட்டினேன். மர்வா ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். உம்மா கொண்டுவந்த தேயிலைத் தண்ணியைக் குடிக்காமல் எழுந்தால் தப்பாகிவிடும் என்று குடித்துவிட்டு வந்தேன்.

காயல்பட்டினம் ஸ்டேஷனில் ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன்: 'மூன்றாவது படத்தில் கருநீல அடையாளம் இருந்தது. மச்சம் என்று நினைத்து அதை அழித்தது நான். சபீதா சொல்வது உண்மை. ஜாபேஸ் சார் பார்த்தது நான் வரைந்த தோல்.' கீழே என் முழுப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் போட்டேன். பத்து நிமிடத்தில் அது காணாமல் போயிற்று. அப்புறம் குழுவே எனக்குத் திறக்கவில்லை. செல்வமணி சார் சுறுசுறுப்பான ஆள்.

போன் அடித்தது. சபீதா அக்கா.

"பாத்தேன் கெசியா, பாத்தேன். தூக்கிட்டாங்க, ஆனா அதுக்குள்ள நான் படம் பிடிச்சு வச்சிட்டேன்." அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "நெசமாவே இருந்துச்சு, இல்ல? மூணு நாளா எனக்குப் பைத்தியம் பிடிக்காத கொறதான். இல்லாத ஒண்ணு ஏங் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதோன்னு."

"இருந்துச்சுக்கா. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். என்னைய மன்னிச்சிருங்க."

"அத விடு. இப்பம் சொல்லிட்டியே. செல்வமணி சார் எனக்குப் போன் போட்டாரு. அந்தப் பிள்ளைக்கு மனசு சரியில்ல, ஒனக்காவப் பொய் சொல்லுது, திங்கக்கெழம நானே வந்து சொல்லப் போறேன்னு சொல்லுதாரு. சொல்லட்டும். அசலு ஒங்கிட்ட இருக்குன்னு அவரே வாய விட்டுட்டாரு. படத்தக் கொண்டாந்து வச்சிட்டா யாரு என்ன பேசிர முடியும்? இருக்குல்ல ஒங்கிட்ட?"

மர்வாவைப் பார்க்கப் போனதைச் சொன்னேன். அவர் தன் கணவருக்குக் கொடுத்த சத்தியத்தைச் சொன்னேன். எழுதித் தந்த தாள் என்னிடம் இருக்கிறது என்றேன். படம் இப்போது இல்லை என்றேன்.

"அதையும் நீதான் அழிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.